முகமூடிக்காரரும் இரண்டு கடுக்கனும்

டிவியில் ஓடிக்கொண்டிருந்த படத்தைப் பாதியில் விட்டுவிட்டு நீங்கள் இருவரும் என்னிடம் ஓடி வந்தீர்கள். பறக்கிற வீரர் பறக்கக் கற்பதற்கு முன்னால் ரொம்ப காலம் சும்மா துப்பறிகிற ஆளாகத்தான் இருந்தாராம். பழைய கோட்டு மாட்டிக்கொண்டு சந்து சந்தாக அலைந்து, யார் திருடியது, யார் பொய் சொன்னது என்று கண்டுபிடித்தாராம். "அப்பா, நீயும் ஓட்டல்ல அந்த மாதிரி டிரஸ் போட்டிருந்தியாமே, நீ எதையாச்சும் கண்டுபுடிச்சியா?" என்று கேட்டீர்கள். உங்கள் அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "கண்டுபுடிச்சாரு, சொரி செரங்கக் கண்டுபுடிச்சாரு" என்றாள்.

அன்றைக்குச் சிரித்துச் சமாளித்துவிட்டேன். இப்போது எழுதித் தருகிறேன். உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கும் படிக்கக் கொடுங்கள். நான் எட்டாவதோடு நின்றவன், பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நாற்றம் பிடித்த கதை. சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள்.

தொப்பூர் கணவாய் ஏறுவதற்கு முன்னால் பெரிய ரோட்டோரம் இருந்த ஒரு ஓட்டலில் நான் அப்போது இலை போடுகிற வேலையில் இருந்தேன். பெங்களூர் போகிற கார்கள் எங்களைத் தாண்டிப் போய் அடுத்த ஓட்டலில் நின்றன. அங்கே வாசலில் கரடி வேஷம் போட்ட ஒருவர் கையாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. சேலம் போய் ஒரு வீரர் உடுப்பு வாங்கி வந்தார். அது எந்த வீரர் என்று அவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. நீல உடம்பு, மஞ்சள் தோள், முதுகில் தொங்குகிற சிவப்புத் துணி. நெஞ்சில் இருந்த குறியைப் பிய்த்துவிட்டு எங்கள் ஓட்டலின் முதல் எழுத்தை வெட்டி ஒட்டினார்கள். தலை மட்டும் தனி. பானையைக் கவிழ்ப்பதுபோல் கவிழ்த்து மாட்ட வேண்டும். கண் இருக்கிற இடத்தில் கொசுவலைத் துணி. ஓட்டலில் இருந்தவர்களில் நான்தான் நெட்டை. அதனால் அது என்னிடம் வந்து சேர்ந்தது.

வெளியே பார்க்க புஜமும் மார்புமாக இருக்கும். உள்ளே எல்லாம் ஸ்பாஞ்சு. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் ஸ்பாஞ்சு வேர்வையைக் குடித்துவிடும், குடித்ததைத் திருப்பித் தராது. துவைத்தால் ஒட்டு விட்டுப்போகும் என்று முதலாளி துவைக்க விடவில்லை. புளித்த மாவையும் ஈரச் செருப்பையும் செத்த எலியையும் ஒரே சாக்கில் கட்டி அந்தச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். அக்குளில் படை வந்தது, பிறகு கழுத்தில் வந்தது. உங்கள் அம்மா சொன்னது அதைத்தான்.

அந்த நாற்றத்துக்கு மூக்கு பழகிவிட்டது. மனிதர்கள் செய்ததுதான் கடைசிவரை பழகவில்லை. சின்னப் பிள்ளைகள் வயிற்றில் குத்தும். அது பரவாயில்லை, ஸ்பாஞ்சுதானே. பெரியவர்கள் பிரியாணி தின்று கை கழுவிவிட்டு, துடைக்கத் துணி இல்லையென்றால் என் முதுகுத் துணியில் துடைத்தார்கள். கேட்டுவிட்டு இல்லை, சிரித்துவிட்டும் இல்லை. கம்பத்தில் தொங்குகிற துணியில் துடைப்பதுபோல் துடைத்துவிட்டு, பேசிக்கொண்டிருந்த பேச்சைத் தொடர்ந்தபடி போனார்கள். ஒருவர் பல் குத்திய குச்சியை என் கையிடுக்கில் செருகிவிட்டுப் போனார்.

நான் பேசவும் கூடாது. "நீ வாயத் தொறந்தீன்னா பாப்பிரெட்டிப்பட்டிக்காரன்னு தெரிஞ்சுபூடும்டா, அப்புறம் கொழந்தைங்க எப்படி நம்பும்?" என்பார் முதலாளி. பிள்ளைகள் பார்க்கத் தலையைக் கழற்றவும் கூடாது.

பேசாத ஆளை மற்றவர்கள் ஆளாகவே நினைப்பதில்லை. அவன் எதிரில் என்ன வேண்டுமானாலும் பேசுவார்கள், செய்வார்கள். அப்படித்தான் அந்த உடுப்புக்குள் இருந்த முகமூடிக்காரர் துப்பறிகிறவர் ஆனார். அவருக்கு அதில் ஆசை ஒன்றும் கிடையாது. கண்ணை மூட வழியில்லை, அவ்வளவுதான்.

முதல் வழக்கு ஒரு கரப்பான்பூச்சி. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் வாசலுக்கு நேரே இருந்த மேசையில் உட்கார்ந்து கறிச் சாப்பாடு சாப்பிட்டார். எலும்பை உறிஞ்சி, இரண்டாவது முறை குழம்பு கேட்டு, ஒரு பருக்கை விடாமல் தின்றார். ரசத்துக்கு வந்ததும் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துத் திறந்து, உள்ளே இருந்த செத்த கரப்பானை மீசை ஒடியாமல் எடுத்து, ரசத்தில் விட்டு விரலால் அமுக்கினார். பிறகு கத்தினார். முதலாளி கையெடுத்துக் கும்பிட்டு, சாப்பாட்டைச் சும்மா கொடுத்து, வீட்டுக்கு ஒரு பார்சலும் கட்டி அனுப்பினார்.

நான் பின்பக்கம் போய்த் தலையைக் கழற்றி நடந்ததைச் சொன்னேன். "அடுத்த தபா வந்தான்னா ரெண்டு கையும் ஆட்டு" என்றார் முதலாளி. அந்த ஆள் அடுத்த தபாவும் வந்தார். ரெண்டு கையும் ஆட்டினேன். முதலாளி அவர் மேசைக்குப் போய் ரொம்ப மரியாதையாக, "அண்ணா, தீப்பெட்டி இருக்குங்களா? ஊதுவத்தி பத்த வைக்கோணும்" என்றார். அந்த ஆள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

இது சிரிப்பாக இருக்கிறதல்லவா, நீங்களும் சிரிப்பீர்கள். எனக்கு மட்டும் அந்த விரல்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. ரசத்துக்குள் அமுக்கும்போது அவர் கண் என் மேலேயே இருந்தது. நானும் பார்க்கிறவன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த வழக்கில் சிரிக்க ஒன்றும் இல்லை.

எங்கள் ஓட்டலில் மேசை துடைத்து எச்சில் இலை எடுக்கிற ஒரு அக்கா இருந்தார். புடவைக்கு மேல் முதலாளி கொடுத்த பச்சைக் கோட்டு போட்டிருப்பார், அதில் இரண்டு பை இருக்கும். அதிகம் பேச மாட்டார். ஒரு நல்ல பழக்கம் அவருக்கு உண்டு. கைக்குழந்தையோடு வருகிற பெண்கள் ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் சோறுமாகத் தடுமாறினால், "குடு கண்ணு, நான் வச்சிருக்கேன், நீ தின்னு" என்று வாங்கிக்கொள்வார். அப்படி எத்தனையோ அம்மாக்கள் எங்கள் ஓட்டலில் சூடாகச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

அந்த நாள் மதியம் ஒரு வேன் வந்து நின்றது. சேலம் பக்கத்தில் இருக்கிற அவர்கள் குலதெய்வக் கோயிலில் குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்திவிட்டுத் தருமபுரிக்குத் திரும்புகிற குடும்பம். குழந்தையின் அப்பா, அம்மா, அப்பாவின் அக்கா, அம்மாவின் தம்பி. அந்தத் தம்பிதான் தாய்மாமன். நம் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவோம், தங்கக் கடுக்கன் வாங்கி வருவதும் அவர்தான். உங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. இரண்டு காதிலும் புதுக் கடுக்கன் மின்னியது. காது சிவந்து வீங்கியிருந்தது.

வேனை விட்டு இறங்கும்போதே அப்பாவின் அக்கா பேசிக்கொண்டுதான் இறங்கினாள்.

"எங்க தம்பி மச்சினன் செஞ்ச சீரப் பாருங்க. குண்டுமணிகூட இத வுடப் பெருசா இருக்கும்."

"அண்ணி, கோயிலுக்குப் போய்ட்டு வர்றம், வுடுங்களேன்" என்றாள் குழந்தையின் அம்மா.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே. திருகு லூசா இருக்குது. தருமபுரி போனதும் நம்ம நகைக்கடையில காட்டி இறுக்கிக்கலாம். அப்படியே தராசுலயும் ஒரு தபா வச்சுப் பாத்துட்டா மனசு ஆறிப்போவும்."

"நானே இறுக்கிடறேனுங்க" என்றான் தாய்மாமன். ஓசூர் கம்பெனியில் வேலை செய்கிற பையன், கம்பெனி கொடுத்த வாட்ச் கட்டி, கம்பெனிப் பெயர் போட்ட பையைத் தோளில் மாட்டியிருந்தான்.

"நீ ஆசாரியா? நட்டு போல்ட்டு இறுக்கறவன்தான?"

குழந்தையின் அப்பா சிரித்தான். "மாப்ள இறுக்குனா கொழந்த காது கழண்டுக்கும்" என்றான். தாய்மாமனும் சிரித்தான். அவன் சிரிப்பு உதட்டில் மட்டும் இருந்தது.

இவ்வளவும் என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளி நின்று பேசியது.

பிறகு போட்டோ எடுக்க வந்தார்கள். குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். குழந்தையின் அப்பா போனில் எடுத்துக்கொண்டே இருந்தான். குழந்தை முதலில் சும்மாதான் இருந்தது, கொசுவலைக் கண்ணை விரலால் தொட்டுக்கூடப் பார்த்தது. தாய்மாமன் என் வலது பக்கம் ஒட்டி நின்று, "பயப்படறான், நான் புடிச்சுக்கறேன்" என்று குழந்தையின் முகத்தை என் வலது தோளில் சாய்த்தான். குழந்தை வீரிட்டது. முகத்தைத் திருப்பி மறு கன்னத்தை அதே தோளில் சாய்த்தான். மறுபடியும் வீரிட்டது. "பொம்மையப் பாத்துப் பயந்துட்டான்" என்று எல்லோரும் சிரித்தார்கள். தாய்மாமன் தன் தோளில் இருந்த துண்டை எடுத்து, "வெயில் சுள்ளுன்னு அடிக்குது" என்று குழந்தையின் தலையைச் சுற்றிப் போர்த்தினான். குடும்பமாகக் கடைசியாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

உள்ளே அக்கா வழக்கம்போல் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டியதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அம்மா சாப்பிட்டாள். அழுத களைப்பில் குழந்தை தூங்கிவிட்டது. அதற்கப்புறம் ஒரு பஸ் வந்தது, நான் கையாட்டப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது உள்ளே ஒரே சத்தம். குழந்தையை அக்காவிடமிருந்து வாங்கித் துண்டை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், காதில் கடுக்கன் இல்லை.

"ஒண்ணுன்னா வுழுந்துருச்சுன்னு சொல்லலாம்" என்றாள் அப்பாவின் அக்கா. "ரெண்டும் ஒண்ணா சொல்லி வச்சுக்கிட்டு வுழுமா? எடுத்திருக்கறா."

"நான் வாங்குனப்பவே தலையில துண்டு இருந்துதுங்க. காத நான் பாக்கவே இல்லீங்க" என்றார் அக்கா.

"பாத்துக்கிட்டா திருடுவாங்க? தடவிப் பாத்தாலே கழட்டத் தெரியும் உங்களுக்கெல்லாம்."

முதலாளி வந்தார். அக்காவைக் கோட்டுப் பைகளைக் காட்டச் சொன்னார். காட்டுவதற்குள் அப்பாவின் அக்காவே கையை விட்டுப் பையை வெளியே இழுத்தாள். ஒரு பையில் வெற்றிலைப் பொட்டலம். இன்னொரு பையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் யாரோ பாதி கடித்து வைத்த கோழித் துண்டுகள்.

"இது என்னாது?" என்றார் முதலாளி.

"நாய்க்குங்க."

"நாய்க்கா, உனக்கா?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார்கள். அக்கா தரையைப் பார்த்தார். முதலாளி அந்தக் கவரை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைப் பக்கத்து எச்சில் டிரம்மில் போட்டார்.

"அந்த டிரம்முலதான் போட்டு வச்சிருப்பா" என்றாள் அப்பாவின் அக்கா. "நாம போனதும் எடுத்துக்கலாம்ன்னு. கைய வுட்டுத் தேடச் சொல்லுங்க."

"தேடறியா, போலீசுக்குப் போன் போடட்டுமா?" என்று முதலாளி கேட்டார்.

அக்கா அப்போதுதான் நிமிர்ந்தார். "போலீசு வேணாங்க. பொண்ணுக்கு வர்ற வாரம் நிச்சயம் வச்சிருக்குதுங்க. அம்மாக்காரி திருடி, ஸ்டேசன்ல உக்காந்திருக்கறான்னு தெரிஞ்சா மாப்ள வூட்ல அன்னிக்கே வேற எடம் பாத்துடுவாங்க. நான் தேடறேன்."

டிரம்மைக் கொல்லைப் பக்கத்திலிருந்து உள்ளேயே இழுத்து வந்தார்கள். அந்த டிரம்மைப் பற்றி உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். காலையிலிருந்து தின்றவர்களின் இலை, மென்று துப்பிய முருங்கைச் சக்கை, மோர் ஊற்றிப் பிசைந்து வேண்டாமென்று விட்ட சோறு, எலும்பு, மூக்கைச் சிந்திய காகிதம், குழந்தைகள் கக்கியது, எல்லாம் சேர்ந்து வெயிலில் புளித்து நுரைத்துக்கொண்டிருக்கும். மேலே ஈ ஒரு போர்வை போலக் கிடக்கும். அக்கா கோட்டின் கையைச் சுருட்டிக்கொண்டு தோள்வரை உள்ளே விட்டார். ஈக்கள் எழுந்து அவர் முகத்தில் உட்கார்ந்தன. ஓட்ட இன்னொரு கை இல்லை, அது டிரம்மின் விளிம்பைப் பிடித்திருந்தது.

அப்பாவின் அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அடியில, அடியிலே பாரு" என்று விரல் காட்டினாள். சாப்பிட வந்தவர்கள் இரண்டு பேர் போனில் வீடியோ எடுத்தார்கள்.

தாய்மாமன் தூணில் சாய்ந்து நின்று பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மடக்காக, மெதுவாக.

நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே பார்க்கப் பிடிக்காமல் கதவில் தெரிந்த என் உருவத்தைப் பார்த்தேன். நீல உடம்பு, மஞ்சள் தோள். வலது தோளில் இரண்டு கறை. குழம்பு என்று நினைத்தேன். ஆனால் குழம்புக் கை எல்லாம் என் முதுகுத் துணியில்தான் துடைக்கும், தோளில் யாரும் துடைத்ததில்லை. குனிந்து பார்க்க முடியாது, அந்தப் பானைத் தலை இடிக்கும். கதவுக்குக் கிட்டே போய் நின்று பார்த்தேன். ரத்தம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பொட்டு. காது குத்திய காதின் ரத்தம். குழந்தை இரண்டு முறை வீரிட்டது என் தோளில்.

  

உள்ளே போனேன். "கொழந்த காதுல ரத்தம் வந்தது வாசல்லங்க" என்றேன். குடத்துக்குள் பேசுவதுபோல் இருந்தது, யாருக்கும் புரியவில்லை. ஒரு பையன் "அம்மா, பொம்மை பேசுது" என்றான். தலையைக் கழற்றினேன். வேர்வை கொட்டியது, என்னிடமிருந்து எழுந்த நாற்றத்தில் பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள். அந்தப் பையன் அழ ஆரம்பித்தான்.

"டேய், தலைய மாட்றா" என்றார் முதலாளி.

"மாட்டறேங்க. அதுக்கு முன்னாடி இவுரு போனுல இருக்கற போட்டோவ ஒரு தபா பாக்கச் சொல்லுங்க."

"நீ யார்ரா எங்க போனப் பாக்க?" என்றான் குழந்தையின் அப்பா.

"நான் பாக்கலீங்க. நீங்களே பாருங்க. நான் கொழந்தைய வச்சிருந்தப்ப எடுத்தீங்களே, அது. மொதல் போட்டோவுல காதப் பாருங்க. கடைசிப் போட்டோவுல என் தோளப் பாருங்க."

அவன் பார்த்தான். முதல் போட்டோவில் கடுக்கன் இரண்டும் பளிச்சென்று இருந்தன. கடைசியில் குழந்தை தலையில் துண்டு, என் மஞ்சள் தோளில் இரண்டு சிவப்புப் பொட்டு. அவன் திரும்பி என் தோளைப் பார்த்தான். மறுபடியும் போனைப் பார்த்தான்.

"சாப்பிட உள்ள வர்றதுக்கு முன்னாடியே ரத்தம் வந்திருக்குதுங்க" என்றேன். "அந்த அக்கா கொழந்தையத் தொட்டதே அதுக்கப்புறம்தான்."

அப்பாவின் அக்கா விடவில்லை. "அப்படின்னா இவந்தான் எடுத்திருக்கறான். கையில வச்சிருந்தது இவந்தான?"

நான் கையைக் காட்டினேன். முகமூடிக்காரரின் கையுறையில் நாலே விரல். ஒவ்வொன்றும் முள்ளங்கித் தடிமன், மடங்காது. முதலாளி முதல் தடவையாக எனக்காகப் பேசினார். ஓட்டல் பேர் கெட்டுவிடும் என்ற பயம். "இந்தக் கையில டம்ளரே நிக்காதுங்க. கக்கூஸ் போறதுன்னாலே இன்னொரு ஆள் கழட்டி வுடோணும். திருகெல்லாம் எங்க கழட்டறது?" என்றார். அப்பளத்தோடு சிரித்த ஆள் இதற்கும் சிரித்தார்.

குழந்தையின் அப்பா நடுவில் எடுத்த ஒரு போட்டோவை விரலால் பெரிதாக்கினான். என் தோளில் சாய்ந்திருந்த குழந்தையின் காதுமேல் ஒரு கை. கையில் ஓசூர்க் கம்பெனி கொடுத்த வாட்ச்.

"மாப்ள" என்றான்.

"என்னா மாமா, வேஷக்காரன் சொல்றான்னு நீங்களும்…" தாய்மாமன் சோடா பாட்டிலை வைத்துவிட்டுக் குழந்தையிடம் கையை நீட்டினான். "வாடா, மாமாகிட்ட வா." குழந்தை அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டது.

அதற்குமேல் யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. குழந்தையின் அம்மாதான் மெதுவாக, "குடுத்துரு தம்பி" என்றாள்.

பேண்ட்டின் சின்னப் பைக்குள்ளிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்தான். அப்பாவின் அக்கா அதைப் பறித்துப் பிரித்து, ஒரு கடுக்கனை எடுத்து சிமெண்டுத் தரையில் தேய்த்தாள். தேய்த்த இடம் செம்பாகத் தெரிந்தது. அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எப்படி எழுதுவேன். காணாமல் போன தங்கம் கிடைத்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. "கவரிங்கு" என்றாள், ஓட்டல் முழுக்கக் கேட்கிற மாதிரி. "தாய்மாமன் சீரு, கவரிங்கு."

பிள்ளைகளே, இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். அந்தப் பையன் கவரிங் வாங்கியது எனக்குப் பெரிய தப்பாகப் படவில்லை. முடியவில்லை, வாங்கினான். ஊர் வாய்க்குப் பயந்தான். நகைக்கடைத் தராசுக்குப் பயந்தான். அதெல்லாம் யாருக்கும் வருவது. ஆனால் தோள்வரை எச்சிலில் கை விட்டு ஒரு அம்மா தேடும்போது, தேடுகிற பொருள் தன் பையில் இருக்கும்போது, சோடா குடித்தான் பாருங்கள். அந்தத் தொண்டை ஏறி இறங்கியதை நினைத்தால் எனக்கு இப்போதும் குமட்டுகிறது. டிரம்மில் இருந்தது சோறுதான், ஒரு காலத்தில் நல்ல சோறாக இருந்தது, கழுவினால் போய்விடும்.

அக்கா டிரம்மிலிருந்து கையை எடுத்துக்கொண்டு நின்றார். முழங்கையிலிருந்து சொட்டியது.  வீடியோ எடுத்தவர்கள் இப்போது தாய்மாமனை எடுத்தார்கள். குழந்தையின் அப்பா பில்லைக் கேட்டான். முதலாளி, "ஆச்சுங்க, கிடைச்சுதல்லங்க, அதுவே போதும்" என்று அவர்களிடம் சமாதானம் சொன்னார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "அந்த மேசைய எடு, ஆளு நிக்கறாங்க" என்றார்.

அந்தக் குடும்பம் சாப்பிட்ட இலைகள் அப்படியே கிடந்தன. அவர்கள் எழுந்திருந்த அவசரத்தில் மடிக்கக்கூட இல்லை.

அக்கா முதலாளியைப் பார்த்துச் சொன்னார். "இந்த எலைய நான் எடுக்க மாட்டேனுங்க."

"என்னாது?"

"மத்த எல்லா மேசையும் எடுக்கறேன். இதத் தின்னவங்களே எடுக்கட்டும்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. முதலாளி என்னைப் பார்த்தார், நான் எடுப்பேன் என்று. பழைய வேலை எனக்கு இலையோடுதானே. நான் முள்ளங்கி விரலைத் தூக்கிக் காட்டினேன். மற்ற சர்வர்களும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அப்பாவின் அக்கா, "நாங்க எச்செலை எடுக்கறதா, நல்லா இருக்குது நாயம்" என்று வேனைப் பார்க்க நடந்தாள். குழந்தையின் அப்பா போனில் எதையோ தேடினான். தாய்மாமன் கையைப் பேண்ட் பைக்குள் விட்டபடி தூணுக்குப் பக்கத்திலேயே நின்றான், நாலே எட்டில் அந்த மேசை இருந்தது. அக்கா அசையவில்லை. வேறு ஆள் வந்து மேசைக்கு நிற்பதாக முதலாளி இன்னொரு முறை சொன்னார். அதற்கும் அசையவில்லை.

கடைசியில் குழந்தையின் அம்மா வந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் இலைகளை மடித்தாள். தன் இலை, கணவன் இலை, அவன் அக்காவின் இலை, தம்பியின் இலை. எலும்பும் ரசமும் வழிந்து பட்டுப்புடவை முன்பக்கம் முழுக்க இறங்கியது. அவள் துடைக்கவில்லை. என்ன ஒரு குடும்பம் என்று எனக்கு எரிந்தது. பொய் சொன்னது ஒருத்தன், திருடி என்றது ஒருத்தி, பேசாமல் நின்றது ஒருத்தன். இலை எடுக்க வந்தது, அந்த நாள் முழுக்க ஒரு தப்பும் செய்யாத ஒருத்தி.

அவள் மடித்த இலைகளை ஏந்திக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றாள்.  அக்கா டிரம்மைக் காலால் அவள் பக்கம் நகர்த்தினார்.

"போடு. பின்னாடி குழாய்கிட்ட சோப்பு இருக்குது, கையக் கழுவிட்டுப் போ" என்றார். "கொழந்தைய மட்டும் இனிமே நான் வச்சிருக்க மாட்டேன். அத நீயே வச்சுக்க."